இரண்டாம் முறை எடுக்கும் குருதி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

நிர்ப்பீடனவியல், அதாவது நோய்க்கிருமியை உடல் எவ்வாறு அடையாளம் கண்டு எதிர்க்கின்றது என்பதை ஆராயும் துறை பற்றிச் சென்ற இதழில் எழுதியதைத் தொடர்ந்து வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை வன்னியிலிருந்தே வந்துள்ளன. காலபோகமும் மழையும் காய்ச்சலும் ஒன்றாக வரும் பருவம் என்பதால் இதில் வியப்பில்லை. தமக்குள்ள நோய்க்கு மருந்து கேட்டு எழுதியவர்கள் தயவுசெய்து அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லவும். கடிதத்தில் எவருக்கும் மருந்து எழுதுவதற்கில்லை. ஆராய்ச்சியையும் ஆராய்ச்சியாளரின் தொழில் வாழ்க்கையையும் பற்றிக் கேட்கப்பட்டவற்றுள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, நீண்ட கடிதங்களைச் சுருக்கி, இங்கே பதிலளிக்கின்றேன்.

கேள்வி: மழைக்காலத்தில் என் மகனுக்குக் கடும் காய்ச்சல் வந்து வைத்தியசாலையில் அனுமதித்தோம். அங்கு வந்த ஓர் ஆய்வுக் குழுவினர் எங்களிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு குருதி எடுத்தார்கள். மகன் குணமாகி வயலுக்கும் போகத் தொடங்கிய பிறகு வீடு தேடி வந்து மறுபடியும் எடுத்தார்கள். நோய் மாறியவனிடம் எதற்குக் குருதி? அதன் முடிவையும் இன்றுவரை எவரும் சொல்லவில்லை.
(ஒரு தாயார், முள்ளியவளை)

பதில்: அம்மா, அந்த இரண்டாவது குருதி இல்லாவிட்டால் முதலாவது குருதியால் பெரிதாகப் பயன் இருந்திராது. கிருமி உடலுக்குள் நுழைந்தவுடன் அதற்குப் பொருந்தும் பிறபொருளெதிரிகள் உருவாகிவிடுவதில்லை. வெண்குருதிக் கலங்களுள் அக்கிருமியை இனங்காணக்கூடிய சில கலங்கள் மட்டுமே தூண்டப்பட்டு, பல்கிப் பெருகி, பிறபொருளெதிரி என்னும் புரதத்தைப் போதிய அளவில் சுரப்பதற்கு ஒரு வாரமளவில் செல்லும். ஆகவே காய்ச்சலின் இரண்டாம் மூன்றாம் நாளில் எடுத்த குருதியில் அது காணப்படாமலே போகலாம். காணப்பட்டாலும் இந்தக் காய்ச்சலால் உண்டானதா, முன்னொரு காலத்தில் வந்துபோன தொற்றின் மிச்சமா என்று பிரித்தறிய முடியாது. இரணைமடுக் குளத்தின் அளவுகோலை ஒருதரம் பார்த்தால் நீர்மட்டம் தெரியுமேயன்றி, குளம் ஏறுகின்றதா வற்றுகின்றதா என்பது மறுதரம் பார்த்தால்தான் தெரியும். அதனாலேயே நோய்த் தொடக்கத்தில் ஒன்றும், இரண்டு மூன்று வாரங்கள் கழித்து இன்னொன்றுமாகச் சோடிக் குருதி எடுக்கின்றார்கள்.

எலிக்காய்ச்சலை உறுதிப்படுத்தும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். நோயாளியின் சீரத்தை, அதாவது குருதி உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை, நூறு மடங்கு, இருநூறு மடங்கு, நானூறு மடங்கு, எண்ணூறு மடங்கு என்று படிப்படியாக ஐதாக்கி, ஒவ்வொன்றிலும் உயிருள்ள லெப்டோஸ்பைரா பற்றீரியாக்களைக் கலந்து, கருமையான பின்புலத்தில் பற்றீரியாக்கள் மட்டும் ஒளிரத் தெரியும் நுணுக்குக்காட்டியின் கீழ் வைப்பார்கள். பிறபொருளெதிரி இல்லாத இடத்தில் அந்த மெல்லிய சுருள்கள் தனித்தனியே நெளிந்து திரியும். உள்ள இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். முதற் குருதியில் நூறு மடங்குவரை மட்டும் திரண்டது இரண்டாம் குருதியில் நானூறு மடங்கிலும் திரளுமாயின், அதாவது நான்கு மடங்கு உயருமாயின், அந்தக் காய்ச்சல் எலிக்காய்ச்சலே என்று துணிந்து சொல்லலாம். உங்கள் மகன் அந்நேரம் குணமாகியிருந்தது சோதனைக்குத் தடையாகவில்லை. குணமானவரின் குருதியே அவர்களுக்குத் தேவைப்பட்டது.

இதைவிடப் பொறுமை கேட்கும் ஆய்வுகளும் உண்டு. தமிழ்நாட்டின் வேலூரில் ககன்தீப் காங் என்னும் அறிவியலாளரும் அவருடைய குழுவினரும் 2002ஆம் ஆண்டு தொடங்கிக் குழந்தைகளைப் பிறப்பிலிருந்து மூன்று வயதுவரை தொடர்ந்து கவனித்தார்கள். இரண்டு வாரத்துக்கொரு முறை மல மாதிரியும், ஆறு மாதத்துக்கொரு முறை குருதியும் எடுக்கப்பட்டன. வயிற்றோட்டத்தை உண்டாக்கும் ரொட்டா வைரசு மெக்சிக்கோவிலே இரு முறை தொற்றிய குழந்தைகளுக்கு, அதன்பின் அதனால் வரும் கடுமையான நோயிலிருந்து முற்றான பாதுகாப்புக் கிடைத்தது என்று முன்னர் அறியப்பட்டிருந்தது. வேலூரில் மூன்று முறை தொற்றிய பின்னரும் அந்தப் பாதுகாப்பு 79 சதவீதமாகவே இருந்தது. வேறொரு நாட்டுப் பிள்ளைகளின் கணக்கை வைத்து எங்கள் பிள்ளைகளின் நிர்ப்பீடனத்தை அளவிட முடியாது என்பது இதனால் உறுதியாயிற்று. அத்தனை தடவையும் கதவைத் திறந்துவிட்ட தாய்மார் இல்லாமல் அந்த எண் கிடைத்திராது.

ஆனால் உங்கள் மனக்குறையின் மறுபாதி முற்றிலும் நியாயமானது. ஆராய்ச்சிக்கான சோதனைகள் பலருடைய மாதிரிகள் சேர்ந்த பின் ஒன்றாகச் செய்யப்படுவதால் முடிவு வர மாதங்கள் செல்லலாம் என்பது உண்மை. அது தாமதத்துக்குக் காரணமாகலாம், சொல்லாமலே விடுவதற்குக் காரணமாகாது. மனிதரிடம் மாதிரி எடுக்கும் எந்த ஆய்வும் ஓர் ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதியுடனேயே நடைபெற வேண்டும். நீங்கள் கையொப்பமிட்ட தாளின் பிரதி ஒன்று உங்களிடம் தரப்பட்டிருக்க வேண்டும். அதிலே தொடர்புகொள்ள வேண்டியவரின் விபரம் இருக்கும். அழைத்து முடிவைக் கேளுங்கள். இனிமேல் எவராவது வந்தால், தமிழில் எழுதிய விளக்கத் தாளைக் கையில் வாங்காமல் ஒப்பமிடாதீர்கள். மறுத்தாலும், இடையில் விலகினாலும், மகனின் சிகிச்சையில் எந்தக் குறைவும் வைக்க அவர்களுக்கு உரிமையில்லை.

கேள்வி: உயர்தர உயிரியல் வகுப்பில் என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தி தொற்றுநோய் ஆராய்ச்சியாளராக வர வேண்டும் என்கின்றாள். பாடநூலில் வரும் பெயர்கள் எல்லாம் ஐரோப்பியருடையவை. எங்கள் நாட்டில் பிறந்து இத்துறையில் உயர்ந்த ஒருவரின் ஆய்வு வாழ்க்கையை, அவர் என்ன கேள்வியோடு தொடங்கி எங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை, அவளுக்கு வாசித்துக்காட்டும்படி எழுதுவீர்களா?
(ஆசிரியை ஒருவர், கிளிநொச்சி)

பதில்: எழுதுவதற்கு மிகப் பொருத்தமானவர் கண்டியில் பிறந்து பேராதனையில் மருத்துவம் கற்ற மலிக் பீரிஸ். அவருடைய விருதுகளைப் பட்டியலிடுவதைவிட அவர் கையாண்ட கேள்விகளை வரிசைப்படுத்துவது உங்கள் மாணவிக்குப் பயன்படும் என்று நினைக்கின்றேன்.

ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்காக ஆராய்ந்தபோது அவர் எடுத்துக்கொண்ட விடயம் விநோதமானது. வைரசைத் தடுக்க வேண்டிய பிறபொருளெதிரி சில வேளைகளில் அதற்கே உதவி செய்கின்றது என்ற ஐயம் அப்போது நிலவியது. உடலுக்குள் புகுந்த அந்நியப் பொருளை விழுங்கிச் செரிக்கும் பெருவிழுங்கிக் கலங்களின் மேற்பரப்பில் பிறபொருளெதிரியைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. வைரசைச் செயலிழக்கச் செய்யப் போதாத அளவில் பிறபொருளெதிரி ஒட்டியிருக்குமாயின், கலம் அந்த ஏற்பி வழியாக வைரசை உயிரோடு உள்ளே எடுத்துக்கொள்கின்றது; உள்ளே சென்ற வைரசு அங்கேயே பெருகுகின்றது. டெங்குவின் உறவினமான வைரசுகளைப் பெருவிழுங்கிக் கலங்களில் வளர்த்து இதனைக் காட்டிய ஆய்வை அவரும் அவருடைய வழிகாட்டியான ஜேம்ஸ் போர்ட்டர்பீல்டும் 1979இல் வெளியிட்டார்கள்.

பட்டம் பெற்றதும் அங்கேயே தங்கியிருக்கலாம். அவர் பேராதனைக்குத் திரும்பினார். 1980களின் நடுப்பகுதியில் அனுராதபுரப் பகுதியில் யப்பானிய மூளையழற்சி கொள்ளைநோயாகப் பரவியபோது, அதே வைரசுக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த நோயை அவர் களத்தில் ஆராய்ந்தார். மனிதரின் குருதியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த நோயின் வழி பிடிபடாது. வைரசு பன்றியின் குருதியில் பெருகுகின்றது. நெல்வயல் நீரில் வளரும் கியூலெக்ஸ் நுளம்பு அதைப் பன்றியிலிருந்து மனிதருக்குக் கொண்டுவருகின்றது. நோயாளி, பன்றி, நுளம்பு ஆகிய மூன்றையும் ஒரே ஆய்வில் இணைத்து அவர் குழுவினர் வெளியிட்ட கட்டுரை 1992இல் வந்தது. வவுனியாவுக்குத் தெற்கே அடுத்துள்ள மாவட்டத்தில், எங்களுடையவை போன்ற வயல்களுக்கும் குளங்களுக்கும் நடுவில் நடந்த வேலை அது. இன்று எங்கள் குழந்தைகளுக்கு ஒரு வயது நிறைந்ததும் போடப்படும் ஊசி இந்த நோய்க்குரியதுதான்.

1988இல் இங்கிலாந்துக்கும் 1995இல் ஹொங்கொங்குக்கும் அவர் சென்றார். ஹொங்கொங்கில் கால் வைத்து இரண்டு ஆண்டுகளுக்குள், கோழிகளுக்குரியதென்று கருதப்பட்ட எச்5என்1 இன்புளுவென்சா வைரசு முதன்முறையாக மனிதருக்குத் தொற்றியது. 18 பேர் பாதிக்கப்பட்டு 6 பேர் இறந்தார்கள். வழக்கமான இன்புளுவென்சாவில் இறப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்களாக இருக்க, இது ஏன் திடகாத்திரமானவர்களையும் கொல்கின்றது? இந்தக் கேள்விக்கு விடை தேடி அவருடைய குழு பழைய இடத்துக்கே போயிற்று: மனிதப் பெருவிழுங்கிக் கலங்களில் இந்த வைரசை விட்டுப் பார்த்தது. சாதாரண இன்புளுவென்சாவைவிட மிக அதிகமாக அழற்சியைத் தூண்டும் புரதங்களை அக்கலங்கள் வெளியிட்டன. வைரசு செய்த சேதத்தோடு உடலின் அளவு மீறிய எதிர்வினையும் சேர்ந்தே உயிரைக் குடித்திருக்கக்கூடும் என்ற கருத்து 2002இல் வெளியான இந்த ஆய்வால் வலுப்பெற்றது.

மறுவருடம் சார்ஸ் என்னும் கடும் சுவாச நோய் வந்தது. 2003 மார்ச்சில் ஹொங்கொங் வைத்தியசாலைகளில் மருத்துவர்களும் தாதியரும் வரிசையாக விழுந்துகொண்டிருந்தபோது, காரணம் பறவைக் காய்ச்சலாக இருக்கும் என்றே முதலில் தேடினார்கள். சோதனைகள் இல்லை என்றன. பின்னர் ஒரு நோயாளியின் நுரையீரற் திசுவைக் குரங்கின் சிறுநீரகக் கலங்களோடு சேர்த்து வளர்த்தபோது கலங்கள் மெல்ல உருமாறத் தொடங்கின. ஏதோ ஒரு வைரசு வளர்கின்றது என்பது இதிலிருந்து தெரிந்தது. ஆயினும் வளர்ந்த வைரசுதான் நோயை உண்டாக்கியது என்பதற்கு அது சான்றாகாது. மனித உடலில் தீங்கில்லாமல் தங்கியிருக்கும் வைரசுகள் ஏராளம். முள்ளியவளைத் தாயாருக்கு நான் எழுதிய அதே சோடிக் குருதி இங்கும் கைகொடுத்தது. நோயின் தொடக்கத்தில் எடுத்த சீரத்தை அந்தக் கலங்களின் மேல் இட்டபோது ஒன்றும் தெரியவில்லை; அதே நோயாளிகள் தேறிவரும்போது எடுத்த சீரத்தை இட்டபோது தொற்றுள்ள கலங்கள் ஒளிர்ந்தன. அவர்களுடைய உடல் இந்த வைரசுக்கு எதிராகவே பிறபொருளெதிரியை உருவாக்கியிருந்தது. உலகெங்கும் 8,000க்கும் மேற்பட்டோரைப் பாதித்து 774 உயிர்களைப் பறித்த நோயின் காரணி ஒரு புதிய கொரோனா வைரசு என்பது இவ்வாறு, அறிகுறி அறியப்பட்ட சில வாரங்களுக்குள்ளேயே, நிறுவப்பட்டது. அதே நாட்களில் வேறு நாட்டு ஆய்வுகூடங்களும் இதே முடிவுக்கு வந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2006இல் அவர் இலண்டன் றோயல் சங்கத்தின் உறுப்பினராகத் தெரிவானார். உங்கள் மாணவிக்கு நான் காட்ட விரும்புவது வேறொன்று. பேராதனையிலிருந்து ஹொங்கொங்வரை நாடும் வைரசும் மாறின. பெருவிழுங்கிக் கலமும் தேறியவரின் சீரமும் மாறவில்லை. இளம் வயதில் கைவசப்படுத்திய இரண்டொரு முறைகளை ஆழமாக அறிந்திருந்தவர், எதிர்பாராத நோய் வந்தபோது அவற்றையே எடுத்துப் பயன்படுத்தினார். எது புதுமையாகப் பேசப்படுகின்றதோ அதன் பின்னே ஆண்டுக்கொரு முறை ஓடுகின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கின்றேன். அவர்களுள் பெரும்பாலானோர் பாதியிலே களைத்துப்போனார்கள்.

கேள்வி: எங்கள் இளமைக் காலத்தில் குலைப்பன் காய்ச்சல் வராத வீடு இந்தப் பக்கத்தில் இல்லை. ஒருநாள் விட்டு ஒருநாள், நேரம் பார்த்ததுபோல நடுக்கம் வரும். இப்போது நாட்டில் மலேரியா இல்லை என்கின்றார்கள். அப்படியானால் அந்த நோயை ஆராய்ந்தவர்களின் உழைப்பெல்லாம் இனி எதற்கு? அடிக்கடி வந்தவர்களுக்குப் பிறகு வேகம் குறையும் என்று பெரியவர்கள் சொன்னது உண்மைதானா?
(ஓய்வுபெற்ற கிராம அலுவலர், நெடுங்கேணி)

பதில்: ஐயா, பெரியவர்கள் சொன்னது பெருமளவு சரி. மீண்டும் மீண்டும் தொற்றுக்குள்ளாகின்றவர்களின் உடலில் ஒட்டுண்ணியை முற்றாக ஒழிக்காவிட்டாலும் நோயின் கடுமையைத் தணிக்கும் நிர்ப்பீடனம் படிப்படியாக உருவாகின்றது. ஆனால் அது நிலைத்து நிற்பதில்லை. தொற்று அற்றுப்போனால் அதுவும் தேய்ந்துபோகும்.

நீங்கள் குறிப்பிட்ட அந்த நேரந் தவறாத நடுக்கத்தை உலகுக்கு விளக்கியவர்களுள் எங்கள் நாட்டவரும் இருக்கின்றார்கள். இலங்கையில் அதிகமாக இருந்த வைவாக்ஸ் வகை ஒட்டுண்ணி செங்குருதிக் கலங்களுக்குள் வளர்ந்து, ஏறத்தாழ 48 மணித்தியாலத்துக்கொரு முறை ஒரே வேளையில் அவற்றை உடைத்துக்கொண்டு வெளியேறும். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கமினி மெண்டிசுடன் இணைந்து ஆராய்ந்த நதீரா கருணாவீரவும் சகாக்களும், நோயாளியின் அருகிலேயே இருந்து நடுக்கம் தொடங்கும்போதும் காய்ச்சல் உச்சத்தில் நிற்கும்போதும் வியர்த்து இறங்கும்போதும் குருதி எடுத்து ஒப்பிட்டார்கள். அழற்சியைத் தூண்டும் ஒரு குறிப்பிட்ட புரதம் உடல் வெப்பநிலையோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. 1992இல் இது வெளியாயிற்று. காய்ச்சல் விட்ட மறுநாள் காலையில் வசதியாகக் குருதி எடுத்திருந்தால் அந்த ஏற்றம் எவர் கண்ணிலும் பட்டிராது.

கமினி மெண்டிசின் குழு செய்த இன்னொரு வேலை எனக்கு அதைவிடவும் பிடித்தமானது. மலேரியா நோயாளியின் குருதியில் நுளம்புக்குத் தொற்றக்கூடிய ஆண், பெண் வடிவ ஒட்டுண்ணிகள் சுற்றிக்கொண்டிருக்கும். நுளம்பின் வயிற்றுக்குள் சென்ற பிறகே அவை ஒன்றுசேரும். நோயாளியின் பிறபொருளெதிரிகளும் அதே குருதியோடு நுளம்பின் வயிற்றுக்குள் போகின்றன அல்லவா? அவை அங்கே அந்தச் சேர்க்கையைக் குழப்பக்கூடும். இதைச் சோதிக்க, தொற்றுள்ள குருதியை உடல் வெப்பத்தில் வைத்து மெல்லிய சவ்வொன்றால் மூடி, பட்டினி போட்ட நுளம்புகளை அந்தச் சவ்வின் ஊடாகக் குடிக்க விடுவார்கள். ஒரு வாரமளவில் ஒவ்வொரு நுளம்பையும் ஊசிமுனையால் பிரித்து, வயிற்றுச் சுவரில் உருவாகியுள்ள ஒட்டுண்ணிக் கூடுகளை நுணுக்குக்காட்டியில் எண்ணுவார்கள். நோயுற்ற இலங்கையர் பலரின் சீரம் சேர்க்கப்பட்டபோது கூடுகள் வெகுவாகக் குறைந்தன. நோயாளிக்கு இதனால் ஒரு நன்மையும் இல்லை. அவரைக் கடித்த நுளம்பு அடுத்துக் கடிக்கப்போகும் அயலவரே காப்பாற்றப்படுகின்றார். பரவலைத் தடுக்கும் தடுப்பூசி பற்றி இன்று உலகில் நடைபெறும் ஆய்வுகளுக்கு இத்தகைய வேலைகளே அடித்தளம்.

இனி உழைப்பு எதற்கு என்ற கேள்விக்கு வருவோம். 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளிகளே பதிவானார்கள். மலேரியா போய்விட்டதென்று கண்காணிப்புத் தளர்ந்தது. அந்தத் தசாப்தம் முடிவதற்குள் இலட்சக்கணக்கானோர் மறுபடியும் நோயுற்றார்கள். 1999இல் 260,000க்கும் மேற்பட்டோருக்கு வந்தது. மலேரியாத் தடை இயக்கத்தின் களப் பணியாளர்கள் போர் நடந்த பகுதிகளிலும் விடாது வேலை செய்ததால், உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில் பதிவாகி, 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அதே ஆண்டின் இறுதியில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சி என்னும் புதிய நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. இது கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் வாழ்ந்து நகரங்களிலும் மலேரியாவைப் பரப்பவல்லது. உங்கள் தலைமுறையிடம் இருந்த அரைகுறைப் பாதுகாப்பும் உங்கள் பேரப்பிள்ளைகளிடம் இல்லை. நோய் உள்ள நாடொன்றிலிருந்து திரும்பிய ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மலேரியாவுக்கும் குருதி சோதிக்கச் சொல்லுங்கள். இளம் வைத்தியர்கள் பலர் அந்நோயை நேரில் கண்டதில்லை.

கேள்வி: டெங்கு இரண்டாம் முறை வந்தால் ஆபத்து என்பது ஏன்?
(வாசகர், குருமன்காடு, வவுனியா)

பதில்: மலிக் பீரிஸ் பற்றி எழுதிய பகுதியில் பாதி விடை இருக்கின்றது. டெங்கு வைரசு நான்கு வகைப்படும். ஒரு வகை வந்தால் அந்த வகைக்கு நீண்டகாலப் பாதுகாப்பு உண்டு. மற்ற மூன்றுக்கும் சில மாதங்களே. பிறகு வேறொரு வகை தொற்றும்போது பழைய பிறபொருளெதிரி ஒட்டிக்கொள்ளும், ஆனால் செயலிழக்கச் செய்யப் போதாது. 1960களில் பாங்கொக்கில் இதைத் துருவிய ஸ்கொட் ஹல்ஸ்டெட் என்னும் ஆராய்ச்சியாளருக்கு முக்கியமான தடயமாக அமைந்தவர்கள் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள். முதல் தொற்றிலேயே அவர்களுள் சிலர் கடுமையாக நோயுற்றார்கள். காரணம், தாயிடமிருந்து பெற்ற பிறபொருளெதிரி அவர்களுடைய குருதியில் குறைந்துகொண்டிருந்தது. டெங்குத் தடுப்பூசி ஒன்று பிலிப்பைன்சில் எண்ணூறாயிரத்துக்கு மேற்பட்ட சிறுவர்களுக்குப் போடப்பட்ட பிறகு, முன்பு டெங்கு வராதவர்களுக்கு அது பின்னாளில் கடுமையைக் கூட்டலாம் என 2017இல் அதன் உற்பத்தியாளரே அறிவிக்க நேர்ந்ததும் இந்தச் சிக்கலால்தான்.

அதே 2017இல் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்குவுக்கு ஆளானார்கள். சிறீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் நீலிகா மலவிகே, கடுமையான டெங்குவில் குருதிக் குழாய்கள் ஏன் கசிகின்றன என்பதைத் தொடர்ந்து ஆராய்ந்து, கசிவைத் தூண்டும் ஒரு பொருளை இனங்கண்டு, அதைத் தடுக்கவல்ல ஒவ்வாமை மருந்து ஒன்றை நோயாளிகளில் பரிசோதித்திருக்கின்றார். இது ஆய்வு நிலையிலுள்ள விடயம். கடையில் வாங்கி விழுங்காதீர்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும் எடுங்கள். அஸ்பிரின், இபுபுரொபன், டைக்குளோபெனாக் ஆகியவை குருதிப்பெருக்கைக் கூட்டும். காய்ச்சல் இறங்கும் நாளே கசிவு தொடங்கும் நாள் என்பதால், வெப்பம் குறைந்துவிட்டதென்று நோயாளியை வீட்டுக்குக் கூட்டிவர அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: வயலில் இறங்குமுன் கிழமைக்கொரு தரம் குளிசை தருகின்றார்கள். நாய்க்கும் மாட்டுக்கும் எலிக்காய்ச்சல் ஊசி இருக்கும்போது எங்களுக்கு ஏன் இல்லை?
(விவசாயி, ஒட்டுசுட்டான்)

பதில்: லெப்டோஸ்பைராவில் நோய் உண்டாக்கும் உபவகைகள் 250க்கும் மேல் இருக்கின்றன. உடல் உருவாக்கும் பாதுகாப்பு பெரும்பாலும் பற்றீரியாவின் வெளிப்புறச் சர்க்கரைப் படலத்தை நோக்கியது. அந்தப் படலம் உபவகைக்கு உபவகை வேறுபடுவதால், ஒன்றுக்குப் போட்ட ஊசி மற்றொன்றைத் தடுக்காது. கியூபா போன்ற சில நாடுகளில் மனிதருக்கான ஊசி இருக்கின்றது. அது அங்குள்ள உபவகைகளுக்கே பொருந்தும். எந்த உபவகைகள் எங்கள் வயல்களில் சுற்றுகின்றன என்பதை அறியாமல் ஊசி தயாரிக்க முடியாது. அதை அறிய மறுபடியும் நோயாளிகளின் சோடிக் குருதியும், எலிகளினதும் மாடுகளினதும் மாதிரிகளும் தேவை. 2024 டிசம்பரில் வெள்ளத்தின் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டில் காய்ச்சலால் உயிரிழப்புகள் ஏற்பட்டபோதும், அது எலிக்காய்ச்சல் என்று ஆய்வுகூடம் சொன்ன பிறகே பரவலாகக் குளிசை கொடுக்க முடிந்தது.

தரப்படும் குளிசை டொக்சிசைக்கிளின், கிழமைக்கு 200 மில்லிகிராம். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு எடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் உங்களுடைய பங்கிலிருந்து கொடுக்க வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் அவர்களுக்கு வேறு ஆலோசனை சொல்வார்கள்.

கேள்வி: உயிரியல் பிரிவில் சித்தியடைந்தும் மருத்துவ பீடத்துக்கு வெட்டுப்புள்ளி போதவில்லை. நோயெதிர்ப்பு ஆராய்ச்சிக்குப் போக எனக்கு இனி வழி உண்டா?
(மாணவன், அடம்பன், மன்னார்)

பதில்: உண்டு, ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் உண்டு. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்ட அடிப்படைக்கும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகின்றது. வன்னியின் மாவட்டங்கள் கடைசி வகுதியிலும் அடங்குவதால், மருத்துவம் தவறினாலும் ஏனைய துறைகளின் வெட்டுப்புள்ளியைக் கவனமாகப் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டம் இந்தத் துறைக்கு மிக நெருக்கமானது. உயிரியல் விஞ்ஞானத்தில் சிறப்புப் பட்டம் இன்னொரு வழி. பேராதனையில் மட்டுமே உள்ள கால்நடை மருத்துவத்தை எங்கள் பிள்ளைகள் இரண்டாந்தரமாக எண்ணுகின்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நிர்ப்பீடனவியலில் 1996ஆம் ஆண்டு நொபெல் பரிசு பெற்ற பீற்றர் டொகேட்டி அவுஸ்திரேலியக் கால்நடை மருத்துவர். தொற்றுற்ற கலத்தை அழிக்கும் ரி கலங்கள் என்னும் வெண்குருதிக் கலங்கள் வைரசை மட்டும் பார்த்துத் தாக்குவதில்லை, கலத்தின் மேற்பரப்பில் உடலுக்குச் சொந்தமான அடையாளப் புரதமும் சேர்ந்து தெரிந்தால்தான் தாக்குகின்றன என்பதை 1970களில் கன்பராவில் எலிகளைக்கொண்டு அவரும் றொல்ப் சிங்கர்நாகலும் கண்டுபிடித்தார்கள்.

பட்டத்துக்குப் பிறகு ஆய்வுக் கருத்திட்டமொன்றில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்து, முதுதத்துவமாணியோ கலாநிதிப் பட்டமோ பதிவு செய்வதே வழக்கமான பாதை. உதவித்தொகை சிறியது, ஒப்பந்தங்கள் குறுகியவை, வீட்டில் இரண்டு தங்கைமாரைப் படிப்பிக்கும் பொறுப்பு இருப்பதாக எழுதியிருக்கின்றீர்கள், ஆதலால் இதை மறைக்க விரும்பவில்லை. மருத்துவ ஆய்வுகூடப் பட்டம் உள்ளவர் வைத்தியசாலையில் தொழில் தேடிக்கொண்டே பகுதிநேரமாக ஆராயவும் முடியும். உங்கள் நிலையில் நான் விண்ணப்பத்தில் அதையே முதலாவதாக நிரப்புவேன். இதற்கிடையில் புள்ளிவிபரவியலைப் படித்துவையுங்கள். குருதி எடுக்கத் தெரிந்தவர்கள் பலர் உள்ளனர். எத்தனை பேரிடம் எடுத்தால் விடை நம்பத்தக்கது என்று கணிக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு.

கேள்வி: கிருமிகளோடு வேலை செய்கின்றவர்களுக்கே அந்த நோய் தொற்றாதா?
(ஒன்பதாம் வகுப்பு மாணவி, பாண்டியன்குளம்)

பதில்: கவனம் தவறினால் தொற்றும், மகளே, முன்பு பலருக்குத் தொற்றியுமிருக்கின்றது. அதனால்தான் கிருமியின் ஆபத்தைப் பொறுத்து ஆய்வுகூடங்களை நான்கு பாதுகாப்பு மட்டங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றார்கள். முதலாம் மட்டத்தில் மேலங்கியும் கையுறையும் போதும். மூன்றாம் மட்டத்தில் காற்று உள்ளே மட்டும் இழுக்கப்பட்டு, வடிகட்டப்பட்ட பிறகே வெளியேறும். காசநோய்க் கிருமியை வளர்ப்பவர்கள் அங்கேதான் வேலை செய்வார்கள். எபோலாவுக்கு நான்காம் மட்டம். காற்றுக் குழாய் பொருத்திய முழு உடையோடு உள்ளே போக வேண்டும். எந்த மட்டமானாலும் உள்ளே உண்ணவோ குடிக்கவோ கூடாது, மாதிரிகள் வைக்கும் குளிர்சாதனப் பெட்டியில் சாப்பாட்டுப் பொதியை வைக்கவும் கூடாது. புதிதாக வருகின்றவர்களுக்கு நாங்கள் முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் விதி அதுதான்.